கோட்டுக்குப் பத்து முழம் முன்னால்

வரக்காப்பொலப் பேக்கரிப் பாண்காரனா, கேகாலைத் தோட்டத்துத் தப்பால்காரனா, கடைசிப் பாய்ச்சலில் யார் வேகம்? இந்தக் கேள்வியை என்னிடமே வந்து கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தப்பால்காரன் நான்தான் என்று தெரிந்துகொண்டேதான் கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒருவன் பாண்காரரின் தொடைக் கனத்தைச் சொல்லுவான். இன்னொருவன் என் நெஞ்சு தாங்காது என்பான். மூன்று நாள் சைக்கிள் பந்தயத்தில் ஒரு நாளாவது ரோட்டோரத்தில் நின்று பார்த்தாயா என்று திருப்பிக் கேட்டால், இல்லை, மாமா சொன்னார், மச்சான் சொன்னார் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்க்காத சக்கரத்துக்கு இவ்வளவு பேச்சு எதற்கு?

ஆகவே ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டால் இதைப் படித்துக்கொள்ளட்டும், என் உயிரை வாங்க வேண்டாம்.

கேகாலைக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தப்பால்காரனாக இருந்தேன். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் மற்றவர்கள் வாளியும் கத்தியுமாகப் பால்வெட்டப் போவார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி. நான் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தோட்டத்துச் சைக்கிளில் டவுன் தபால் கந்தோருக்குப் போய்க் கடிதங்களை வாங்கி வருவேன். மத்தியானம் இன்னொரு தடவை. சைக்கிள் தோட்டத்துடையது. இரும்புச் சட்டம், முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு கேரியர். அதைத் தூக்கிப் பார்த்தவர்கள் அதில் பந்தயம் ஓடினேன் என்றால் நம்பமாட்டார்கள்.

தோட்டத்து ரோட்டில் ஒரு சட்டம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் பிள்ளைகளுக்கும் தெரியும். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் குடை பிடித்தவன் குடையை மடக்க வேண்டும். தலைப்பாகை கட்டியவன் அவிழ்க்க வேண்டும். சைக்கிளில் வருகிறவன் இறங்க வேண்டும். இறங்கி, ஓரமாக நின்று, வலது கையை நெற்றியில் வைத்து, அவர் கடந்து போகும் வரைக்கும் அப்படியே நிற்க வேண்டும். எங்கள் துரைக்குக் கையில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். தூரத்தில் நம்மைக் கண்டால் அதை உயர்த்துவார். இறங்கு என்று அர்த்தம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வளைவில் அவரைக் கவனிக்காமல் போய்விட்டேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் பெரட்டில் கங்காணி என் அம்மாவின் பேரைக் கூப்பிட்டு, வேலை இல்லை, லயத்துக்குப் போ என்றான். ஏழு நாள் அப்படியே திருப்பி அனுப்பினான். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, வரிசை வீட்டு லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. தப்பு செய்தவனை அடித்தால் அவன் ஒருவனுக்குத்தான் வலிக்கும் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு நான் தவறவே இல்லை. காலையில் இரண்டு தடவை, மத்தியானம் இரண்டு தடவை, சில நாள் அதற்கு மேலும். பிரம்பு தெரிந்ததும் இறங்குவேன், அவர் போனதும் ஏறுவேன். நின்ற இடத்திலிருந்து அந்தக் கனத்த சைக்கிளை ஏற்றத்தில் கிளப்புவது சாதாரண வேலையா? தபால் கந்தோர்க் கதவு அடைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால், ஏறின உடனே எழுந்து நின்று முழுப் பலத்தோடு மிதிப்பேன். ஆறு வருஷம் இப்படி. யாரும் எனக்குப் பாய்ச்சல் கற்றுக்கொடுக்கவில்லை. துரைக்கு இறங்கி இறங்கி ஏறித்தான் என் கால் அதைக் கற்றுக்கொண்டது.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் பாதி மூடி, பிறகு கொஞ்சம் மூச்சு வந்த காலம் அது. துரைமார்களின் கிளப்பும் டவுன் வியாபாரிகளும் சேர்ந்து ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். மூன்று நாள், மூன்று ஓட்டம். முதல் நாள் வரக்காப்பொலவில் புறப்பட்டு, மாவனெல்லை வரை போய்த் திரும்பிக் கேகாலைக்கு வர வேண்டும். இரண்டாம் நாள் கேகாலையிலிருந்து கித்துல்கல. மூன்றாம் நாள் கித்துல்கலயிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரி. அவனவன் தினமும் வேலைக்கு ஓட்டுகிற சைக்கிளில்தான் ஓட வேண்டும். மணிக்கூட்டுக் கணக்குக் கிடையாது. ஒவ்வொரு நாளும் சுண்ணாம்புக் கோட்டை முதலில் தாண்டுகிறவனுக்கு அந்த நாள், இரண்டு நாள் எடுத்தவனுக்குப் பந்தயம்.

துரை என்னைச் சேர்த்துவிட்டார். கேட்டுச் சேர்க்கவில்லை, கந்தோர்க் கிளாக்கரிடம் சொல்லியனுப்பினார்.

கேகாலைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளி சைக்கிள் கடை வைத்திருந்தார். தோட்டத்துச் சைக்கிளுக்கு டயர் மாற்ற நான் அங்கேதான் போவேன். இரத்தினபுரியில் இன்னொரு கடை திறக்கப் போகிறார் என்று தெரியும். பந்தயத்துக்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கடைக்கு ஓர் ஆள் வேண்டும், பழுதும் பார்க்க வேண்டும், கொழும்புப் பந்தயங்களில் தன் கடைச் சைக்கிளில் ஓடவும் வேண்டும் என்றார். பந்தயத்தில் பாய்ச்சலில் யார் முதல் என்று பார்த்து அவரை எடுத்துக்கொள்வேன் என்றார். கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, அம்மாவையும் கூட்டி வரலாம். தோட்டத்திலிருந்து விலகுவதற்கான பத்துச்சீட்டைத் துரையிடம் பேசி வாங்கித் தருவதும் அவர் பொறுப்பு.

நான் அதை அம்மாவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. பிறகு இரண்டு தடவை திரும்பத் திரும்பக் கேட்டாள், அறைக்குக் கதவு இருக்கிறதா என்று. எங்கள் லயத்துக் காம்பிரா வாசலில் சாக்குத்தான் தொங்கும். கதவு இருக்கும் என்று சொன்னேன். எனக்கென்ன தெரியும், ஆனாலும் சொன்னேன். அந்தப் பந்தயத்தில் எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கதவு ஒன்றுதான்.

இனிப் பாண்காரர். வரக்காப்பொலவில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்த சிங்களவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். விடியற்காலையில் பாண் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்டி ரோட்டில் மைல் கணக்காக ஓட்டுகிறவர். முதலாளி அவரிடமும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். அதில் ஒளிவு மறைவு கிடையாது. புறப்படுகிற இடத்தில் அவரே என்னிடம் வந்து, அந்த அறை எனக்கும் வேண்டும் மல்லி, வீட்டில் ஏழு பேர் என்று என்னைத் தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிடிக்காமல் போயிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்று நிற்கிறவர்கள் இங்கே கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பாண்காரருடைய பாய்ச்சல் நீளமானது. கோடு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். சீட்டை விட்டு எழுந்திருக்கவே மாட்டார், இடுப்பு அசையாது, கால் மட்டும் இயந்திரம் போலச் சுற்றும். அரை மைல் அப்படியே இழுப்பார். பின்னால் வருகிறவனுக்குக் கால் செத்துவிடும். என் பாய்ச்சல் குட்டையானது. கடைசி நூறு கஜம் வரைக்கும் நான் இருக்கிற இடமே தெரியாது, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு காற்றுப் படாமல் வருவேன். பிறகு வெளியே வந்து, எழுந்து நின்று, ஒரே மூச்சு. அந்த நூறு கஜத்தில் என்னைப் பிடிக்க ஆள் இல்லை. ஆனால் முந்நூறு கஜத்தில் கிளம்பச் சொன்னால் பாதி வழியில் நுரை தள்ளிவிடுவேன்.

உட்கார்ந்தே மிதிக்கிறவருக்கு மேட்டில் வேகம் செத்துவிடும். ஆகவே சமதரை அவருக்கு, மேடு எனக்கு. இதை யார் வேகம் என்று ஒற்றை வார்த்தையில் கேட்டால் என்ன சொல்வது? மண்ணாங்கட்டி.

முதல் நாள் அதுதான் நடந்தது. மாவனெல்லையில் திரும்பும்போது பதினைந்து பேர் ஒரே கூட்டமாக இருந்தோம். அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்கிற ஒருவன் சீமைச் சைக்கிளில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன் என்று சாதித்து அதில் வந்திருந்தான், உத்துவன்கந்தை ஏற்றத்திலேயே அவன் கதை முடிந்துவிட்டது. கேகாலைக்குள் நுழையும்போது ரோடு நேராக, சமமாக இருந்தது. பாண்காரர் கடைத்தெரு ஆரம்பிப்பதற்கு முன்பே கிளம்பினார். நான் இன்னும் தூரம் கிடக்கிறது, இந்த மனிதர் எப்படியும் ஓய்ந்துவிடுவார் என்று நினைத்துப் பின்னாலேயே இருக்காமல் ஒரு சக்கர இடம் விட்டுவிட்டேன். அந்த இடத்தில் காற்று புகுந்தது. அவர் ஓயவில்லை. மூன்று சைக்கிள் நீளத்தில் தோற்றேன். அது என் முட்டாள்தனம், அதற்கு வேறு யாரையும் நான் திட்டவில்லை.

இரண்டாம் நாள் புளத்கொஹுபிட்டியப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. கித்துல்கலயில் கோடு ஒரு மேட்டின் முடிவில் இருந்தது. ரெஸ்ட்ஹவுஸ் வராந்தாவில் சில துரைமார்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், மழைக்குப் பயந்து யாரும் ரோட்டுக்கு வரவில்லை. எங்கள் துரை அன்றைக்கு வந்திருக்கவில்லை. பாண்காரர் வழக்கம்போல முன்னாலேயே கிளம்பினார், நான் ஒரு சாண்கூட விடாமல் ஒட்டிக்கொண்டேன். அவர் சக்கரம் வாரியடித்த சேறு முழுக்க என் வாயில். மேட்டின் பாதியில் வெளியே வந்து எழுந்து நின்றேன். கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் வந்துகொண்டிருந்தார்.

முதலாளி குடையோடு ஓடி வந்தார். ஆளுக்கொரு நாள் ஆகிவிட்டது, நாளைக்குத் தெரிந்துவிடும் என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கு யார் மேல் ஆசை என்று தெரிந்தது. இரத்தினபுரியில் கோடு எங்கே என்று கேட்டேன். மேட்டில் என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார்.

மூன்றாம் நாள் அவிசாவளை, எஹலியகொட, குருவிட்ட என்று ஒவ்வொரு ஊராக ஆட்கள் கழன்றுகொண்டே வந்தார்கள். இரத்தினபுரி எல்லையில் நாங்கள் ஆறு பேர். பாண்காரர் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். தனக்கு மேடு ஆகாது என்று அவருக்கும் தெரியும், ஆகவே அடிவாரத்துக்கு வெகு முன்னாலேயே கிளம்பினார். அப்படி ஒரு இழுப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மற்ற நாலு பேரும் பிய்ந்து போனார்கள். என் முன்சக்கரத்துக்கும் அவர் பின்சக்கரத்துக்கும் நடுவே கையை நுழைக்க இடமில்லை. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் விடவில்லை.

மேடு ஆரம்பித்தது. அவர் இடுப்பு முதல் தடவையாக அசைந்தது. அதற்குத்தான் காத்திருந்தேன். வெளியே வந்தேன், எழுந்து நின்றேன், மிதித்தேன். அவர் தோள் என் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. ஒரு சைக்கிள் நீளம், இரண்டு நீளம். இருபுறமும் சனங்கள். முன்னால் ஒன்றுமே இல்லை, வெள்ளைக் கோடு மட்டும். கதவு என்று நினைத்தேன். சத்தியமாக அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் நடு ரோட்டில் தொப்பி தெரிந்தது. எங்கள் துரை. என் தப்பால்காரன் முன்னால் வருகிறான் என்ற சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு இறங்கி ரோட்டுக்கு வந்திருக்கிறார். கையை உயர்த்தி என்னை உற்சாகப்படுத்தினார். கையில் பிரம்பு.

அடுத்தது எனக்கு நினைவில்லை. பிரேக்கைப் பிடித்தது நினைவில்லை, காலைத் தூக்கிப் போட்டது நினைவில்லை. முழங்கால் மிதிகட்டையில் அடிபட்டிருக்கிறது, தழும்பு இருக்கிறது, அடிபட்டதும் நினைவில்லை. நினைவு வந்தபோது ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். இடது கை சைக்கிளைப் பிடித்திருந்தது. வலது கை நெற்றியில் இருந்தது. கோடு எனக்குப் பத்து முழம் முன்னால் கிடந்தது.

பாண்காரர் என்னைத் தாண்டிப் போனார்.

துரைமார்களின் நாற்காலிகளில்தான் முதலில் சிரிப்புக் கிளம்பியது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, குழந்தை எதையாவது செய்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கல்லால் அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

பாண்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு என்னிடம் வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, நான் ஜெயிக்கவில்லை, நீ நின்றுவிட்டாய், ஏன் நின்றாய் என்று கேட்டார். துரை என்றேன். அவர் துரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டவுன் மனிதர், அவருக்கு விளங்கவில்லை. நல்லவேளையாக விளக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

எனக்கு அப்போது யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தச் சைக்கிளைத் தூக்கி ஆற்றில் போட வேண்டும் போல இருந்தது. என் காலை வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது. ஆறு வருஷம் சோறு போட்டு வளர்த்த கால், என்னைக் கேட்காமல் அவருக்கு இறங்கியிருக்கிறது.

முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நான் தலையைத் தூக்கவில்லை. அவர் என் தோளில் கையை வைத்தார். கோடு கிளப்காரர்களுக்கு, நான் பார்த்தது உங்கள் காலை, யார் முன்னால் வந்தது என்று ஊரே பார்த்தது என்றார். திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் நான் கிளம்பிப் போயிருக்க வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த மேட்டை விட்டு இறங்கிப் போயிருந்தால் இந்தக் கதையே வேறு.

போகவில்லை. கிளாக்கர் வந்து துரை கூப்பிடுகிறார் என்றான்.

போனேன். துரை மற்றத் துரைமார்களுக்கு என்னைக் காட்டி இங்கிலீஷில் என்னவோ சொன்னார், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கிளாக்கர் எனக்கு மொழிபெயர்த்தான். பந்தயத்தைவிட மரியாதைதான் பெரிது என்று இவன் காட்டிவிட்டான், இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிற தோட்டம் கொடுத்து வைத்த தோட்டம் என்று துரை சொல்கிறாராம். நான் காட்டவில்லை ஐயா, எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். சொன்னால் மட்டும் என்ன, அவருக்கு அது இன்னும் பிடித்திருக்கும்.

துரையின் மனைவி துரைசானி ஒரு படப்பெட்டி வைத்திருந்தாள். நான் இறங்கின நேரத்தில் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். துரை தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடமே சொன்னார்.

"இன்னொரு தடவை பண்ணு. ஓட்டி வா, எறங்கு, சலாம் போடு. தொரைசானி படம் எடுக்கணும்."

நான் சுற்றிப் பார்த்தேன். முதலாளி கொஞ்சம் தள்ளித் தன் லொறிப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாண்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் குவளையைக் கீழே இறக்கினார். அம்மா வேலையில்லாமல் லயத்தில் இருந்த ஏழு நாளும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. திங்கட்கிழமை வரைக்கும் நாங்கள் இன்னும் அந்தத் தோட்டத்து ஆட்கள்தான். பத்துச்சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவரும் இவர்தான். இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். கணக்குச் சரிதான், இன்றைக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டின் பாதி வரை இறங்கினேன். ஏறி ஓட்டி வந்தேன். துரை நடு ரோட்டில் நின்று பிரம்பை உயர்த்தினார். இறங்கினேன். கையை நெற்றியில் வைத்தேன். வெயில் முகத்தில் சரியாக விழவில்லை என்று துரைசானி சொன்னாள். மறுபடியும் போனேன், மறுபடியும் வந்தேன், மறுபக்கமாக இறங்கினேன். கையை எடுக்காதே என்று துரை சொன்னார். எடுக்கவில்லை. பெட்டி கிளிக் என்றது.

அதற்குப் பிறகு நேராக முதலாளியிடம் போனேன். லொறியில் பாண்காரரின் சைக்கிளை ஏற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டேன். அவர் முடிச்சை இறுக்கி முடித்துவிட்டுத்தான் திரும்பினார். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

"தம்பி, மொத முறை ஒங்கட கால் எறங்கின. அதுக்கு நான் ஒண்டும் செல்லல்ல. ரெண்டாம் முறை நீங்க எறங்கின."

அவ்வளவுதான் சொன்னார். லொறி போய்விட்டது. பாண்காரர் பின்னால் உட்கார்ந்திருந்தார், கையை ஆட்டவா வேண்டாமா என்று தெரியாமல் பாதி தூக்கி நிறுத்திக்கொண்டார்.

நான் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் இரத்தினபுரியிலிருந்து திரும்பி வருகிற வழியில்தான் வந்தது. முதலாளி, துரை பங்களாவுக்கு டயர் விற்கப் போகும்போது நீங்கள் முன்வாசல் வழியாகவா போகிறீர்கள்? தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கத்துக் குசினி வாசலில் அரை நாள் நிற்பதை நான் பார்த்ததில்லையா? உங்கள் உம்மாவை யாராவது பெரட்டிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்களா? கடை வைத்திருக்கிறவனுக்கு முதுகெலும்பு வைத்துக்கொள்வது சுலபம். கரவனெல்லை தாண்டுகிற வரைக்கும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன். ரோட்டில் போகிறவர்கள் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கினார்கள்.

அம்மாவிடம், கோட்டைப் பாண்காரர்தான் முதலில் தாண்டினார் என்று மட்டும் சொன்னேன். சரி, அவருக்கும் பிள்ளை குட்டி இருக்குமில்லையா என்றாள். அடுத்த நாள் பெரட்டுக்குப் போனாள். நான் தோல்பையை மாட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். வழியில் துரை வந்தார், இறங்கினேன். அவர் முதல் தடவையாக எனக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் நான் அந்த முதலாளியை விடாமல் திட்டினேன். கேட்கிறவர்கள் எல்லோரும் என் பக்கம்தான் பேசினார்கள். நீ வேறென்ன செய்திருக்க முடியும், உத்தரவு போட்டால் செய்ய வேண்டியதுதானே, அம்மா இருக்கிறாளே என்றார்கள். நானும் அதை நம்பினேன். மனசில் ஒரு மூலையில்கூடச் சந்தேகம் இல்லை. துரை சொன்னார், நான் செய்தேன். சொன்னதற்கு ஒரு துளி கூடுதலாகவும் செய்யவில்லை, குறைவாகவும் செய்யவில்லை.

பிறகு ஒரு நாள் தபால் கந்தோரில் துரைசானி பேருக்குக் கொழும்பிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. நான்தான் அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். சாயந்திரம் கிளாக்கர் என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டு, துரைசானி உனக்கு ஒன்று கொடுக்கச் சொன்னாள் என்று அந்தப் படத்தை நீட்டினான். அதுவரைக்கும் என் முகத்தை நான் படத்தில் பார்த்ததே இல்லை.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முழங்காலில் ரத்தம் இருக்கிறது. கை நெற்றியில் இருக்கிறது. பல்லெல்லாம் தெரிய, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஓட்டி வரச் சொன்னார்கள். இறங்கச் சொன்னார்கள். கையை எடுக்காதே என்றார்கள். சிரிக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை.